மீன்பிடி கயாக்கின் உள்ளே மிதப்பு சேர்த்தல்: நீர் புகுந்து கவிழ்ந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கில், மீன்பிடிக்குப் பயன்படும் ஒன்றில் நீர் புகுந்து அது கவிழ்ந்ததையும், அதன் பிறகு அதன் உட்புறத்தில் மிதப்புப் பொருள் பொருத்தப்பட்டதையும், அந்தப் பொருத்தம் பின்னாளில் எப்படி நடந்துகொண்டது என்பதையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. கயாக்கைச் செலுத்தியவரை உரிமையாளர் என்றும், மற்றொரு கயாக்கில் கூடவே வந்தவரைத் துணைப் பயணி என்றும் குறிப்பிடுகிறேன். கரையில் நடந்த பரிசோதனையிலும், பொருத்தும் வேலையிலும், சோதனைகளிலும் நான் உடனிருந்தேன். நீரில் நடந்தவை அவ்விருவரும் தனித்தனியே சொன்னவற்றை ஒப்பிட்டு எழுதப்பட்டவை.

கயாக், தளத்தின் மேலே அமர்ந்து துடுப்பிடும் வகையைச் சேர்ந்தது. நீளம் சுமார் 3.6 மீட்டர், வெறும் கூட்டின் எடை 36 கிலோ, தயாரிப்பாளர் குறித்திருந்த அதிகபட்சச் சுமை 180 கிலோ. சுழல் வார்ப்பு முறையில் பாலிஎதிலீனைக் கொண்டு ஒரே துண்டாக வார்க்கப்பட்டது. இந்த வகைக் கயாக்குகள் பலவற்றைப் போலவே இதன் உட்புறமும் முன்முனையிலிருந்து பின்முனை வரை தடுப்புச் சுவரே இல்லாத ஒற்றை வெற்றிடம். அதன் உள்ளளவு, எங்கள் கணக்கில், ஏறத்தாழ 280 லிட்டர். தளத்தில் விழும் நீர் வடிவதற்காகக் கூட்டை மேலிருந்து கீழாக ஊடுருவிச் செல்லும் வடிகுழாய்கள் உண்டு. அந்தக் குழாய்கள் உள் வெற்றிடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை. அப்படி இருக்கும்வரைதான் கயாக் பாதுகாப்பானது.

உரிமையாளர் இதைப் பழைய கயாக்காக வாங்கியவர். வாங்கிய பின் இரண்டு தூண்டில் தாங்கிகளையும், மீன் இருப்பைக் காட்டும் மின்கருவியையும், அதற்கான மின்கலத்தையும் சேர்த்தார். மின்கலம், பின்தளத்தில் உட்புறத்துக்கு வழிவிடும் வாயை மூடும் பின்மூடியின் அடியில், கூட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தது. கரையிலிருந்து நீர் வரை கயாக்கை உருட்டிச் செல்ல, வடிகுழாய்களுக்குள் இரு கம்பங்களை நுழைத்துத் தாங்கும் தள்ளுவண்டியைப் பயன்படுத்தி வந்தார். அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். கவிழ்ந்த கயாக்கில் மீண்டும் ஏறும் பயிற்சியும் செய்திருந்தார். ஆனால் அந்தப் பயிற்சி உட்புறம் உலர்ந்திருந்த கயாக்கில் செய்யப்பட்டது. மேலமர் கயாக் மூழ்காது என்ற பரவலான நம்பிக்கை அவருக்கும் இருந்தது. தளத்து நீர் தானாக வடிவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த நம்பிக்கை வருவது இயல்புதான்.

நிகழ்வு

இடம் ஒரு பெரிய நன்னீர்த் தேக்கம், நேரம் பிற்பகல். இருவரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தனர். உரிமையாளரின் எடை சுமார் 82 கிலோ. மின்கலம், நங்கூரம், தூண்டில் பெட்டி ஆகியவை சேர்ந்து 15 கிலோ அளவில் இருந்தன. கூட்டின் எடை நீங்கலாக ஏறிய சுமை 97 கிலோதான். குறித்த வரம்புக்கு அது மிகவும் உள்ளே இருந்ததால், சுமை பற்றிய கவலைக்குக் காரணம் இருக்கவில்லை.

புறப்பட்டு ஒரு மணி நேரம் கடந்தபோது, கால் வைக்கும் பள்ளங்களில் நீர் வடியாமல் தேங்கியிருப்பதை உரிமையாளர் கவனித்தார். அலை வடிகுழாய் வழியாக மேலே தெறிக்கிறது என்று எண்ணி மீன்பிடிப்பைத் தொடர்ந்தார். உண்மையில் கூடு தாழ்ந்துவிட்டதால் வடிகுழாயின் மேல்வாய் வெளி நீர்மட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்திருந்தது. பிறகு காற்று வலுத்தது. கயாக்கைத் திருப்புவதற்கு வழக்கத்தைவிட அதிக முயற்சி தேவைப்பட்டது. ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் முதுகுக்குப் பின்னால் நீர் ஓடும் ஓசை கேட்டது. அப்போதுதான் உள்ளே நீர் இருக்கிறது என்று அவருக்கு உறுதியானது.

எவ்வளவு நீர் என்று பார்ப்பதற்காக அவர் இருக்கையில் திரும்பி, பின்மூடியின் பட்டையைத் தளர்த்தினார். உடலின் எடை ஒரு பக்கம் சாய்ந்த அதே கணத்தில் உள்ளிருந்த நீரும் அந்தப் பக்கம் ஓடியது. கயாக் கவிழ்ந்தது. தளர்ந்திருந்த மூடி கழன்றது. அந்த வாய் வழியாக, அதுவரை உள்ளே இருந்ததைவிடப் பல மடங்கு நீர் மிகக் குறுகிய நேரத்தில் புகுந்தது.

கயாக்கை நிமிர்த்துவது அவருக்கு முடிந்தது. ஏறுவதுதான் முடியவில்லை. மார்பைத் தளத்தில் ஏற்றிய ஒவ்வொரு முறையும் அது அவர் பக்கமே உருண்டது. சில முயற்சிகளுக்குப் பின் பின்முனை நீருக்குள் அமிழ்ந்து முன்முனை மேல்நோக்கிச் சாய்ந்து நின்றது. ஊதலை ஊதியும், வந்தது துணைப் பயணி மட்டுமே.

நீரில் எடுத்த முடிவுகள்

துணைப் பயணி முதலில் யோசித்தது கைப் பம்பு. அதை உடனே கைவிட்டார். பின்மூடியின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்ததால், வெளியேற்றும் நீருக்கு ஈடாக வெளி நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அடுத்தது, தன் கயாக்கின் மேல் மற்றதைக் குறுக்காக இழுத்து நீரைக் கொட்டுவது. ஒரு தனி ஆள் தன் கயாக்கில் அமர்ந்தபடி அதைத் தூக்க முடியாது. 200 லிட்டருக்கு மேல் நீர் ஏறிய கயாக்கை அசைப்பதே கடினம்.

எனவே ஆளை முதலில் கரை சேர்ப்பது என்று முடிவாயிற்று. உரிமையாளர் துணைப் பயணியின் கயாக்கின் பின்கைப்பிடியைப் பற்றி, கால்களை மேலே உயர்த்தி, நீர்ப்பரப்பில் கிடையாக இருந்தார். நீர் நிறைந்த கயாக்கை விரைவாக அவிழ்க்கக்கூடிய இழுகயிற்றில் பிணைத்தார்கள். தேவையானால் அதைக் கைவிடுவது என்றும் அப்போதே பேசிக்கொண்டார்கள். புறப்பட்ட கரை அருகில் இருந்தாலும் அது காற்றுக்கு எதிர்த்திசை. தொலைவாக இருந்தாலும் காற்று தள்ளும் கரையையே துணைப் பயணி தேர்ந்தெடுத்தார். முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஆனது; இடுப்பளவு நீருக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

நீர் குளிராக இல்லாததால்தான் இந்த முடிவு பொருந்தியது. குளிர்ந்த நீரில் இவ்வளவு நேரம் ஒருவரை மிதக்கவிட்டிருக்கக் கூடாது. கயாக்கை அங்கேயே விட்டுவிட்டு, அவரைத் துணைப் பயணியின் கயாக்கின் பின்தளத்தில் படுக்கவைத்து, உடலை நீரிலிருந்து வெளியே எடுத்திருக்க வேண்டும். துணைப் பயணியும் அதை அறிந்தே முடிவெடுத்தார் என்பதால் அந்த முடிவில் எனக்குக் குறை தெரியவில்லை.

கரையில் கண்டறிந்தவை

கசிவைத் தேட, கயாக்கை இரு தாங்கிகளின் மேல் வைத்து, பின்மூடி வழியாகச் சில வாளி நீரை உள்ளே ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்த்தோம். வெளியிலிருந்து உள்ளே போகும் கசிவைத் தேடுவதைவிட உள்ளிருந்து வெளியே வரும் சொட்டைக் காண்பது எளிது. நிரப்பிவிடக் கூடாது, தாங்கிகளின் மேல் நீரின் பாரம் கூட்டைச் சிதைத்துவிடும். பிறகு, உட்புற நீரை வெளியேற்றுவதற்கென உள்ள, திருகால் மூடப்படும் வடிகால் துளை வழியாக மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சோப்பு நீர் தடவிக் குமிழிகளைப் பார்த்தோம்.

மூன்று இடங்கள் தெரிந்தன. பின்பக்க வடிகுழாய் ஒன்று கூட்டின் அடிப்பகுதியோடு சேரும் இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் இருந்தது. தள்ளுவண்டிக் கம்பத்தின் மேல் கயாக்கின் எடை முழுவதும் தங்கும் இடம் அதுவே. பின்மூடியின் ரப்பர் வளையம் தட்டையாகி ஒரு பக்கம் காற்றை விட்டது. தூண்டில் தாங்கியின் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. ஆனால் அது நீர்மட்டத்துக்கு வெகு மேலே இருந்ததால் இந்த நிகழ்வில் அதற்குப் பங்கு இல்லை என்றே கருதுகிறேன்.

ஆகவே நிகழ்வு இரண்டு கட்டமாக நடந்திருக்கிறது. முதல் கட்டத்தில் விரிசல் வழியாக நீர் மெதுவாக ஏறியது. மின்கலமும் பெட்டியும் பின்பக்கம் இருந்ததால் நீரும் அங்கேயே சேர்ந்து பின்தளத்தைத் தாழ்த்தியது. தாழ்ந்த பின் தளத்தின் மேல் அலை ஏறி, பழுதான ரப்பர் வளையத்தின் வழியாகக் கசிவு வேகமெடுத்தது. மூடி கழன்றது அதன் முடிவு.

துணைப் பயணி வேறொரு விளக்கத்தையும் முன்வைத்தார். கயாக் வண்டியின் கூரை மேல் வெயிலில் கிடந்து சூடேறியிருந்தது. நீரில் இறக்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, விரிசல் வழியே நீரை உறிஞ்சியிருக்கலாம் என்றார். இது கற்பனையல்ல. 45 டிகிரி செல்சியஸில் இருக்கும் 280 லிட்டர் காற்று 28 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 15 லிட்டர் சுருங்கும். மூடிகள் நன்றாக இறுகியிருந்தால் அந்த 15 லிட்டரும் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள விரிசல் வழியே நீராக வர முடியும். ஆனால் இங்கே பின்மூடியே காற்றை விட்டுக்கொண்டிருந்ததால், நீரை இழுக்கும் முன் காற்றை இழுத்திருக்கும். அதனால் இதை முதன்மைக் காரணமாக நாங்கள் ஏற்கவில்லை. மூடி சரியாக இருக்கும் கயாக்கில் இது கவனிக்க வேண்டிய ஒன்றே.

முழுதாக மூழ்காத காரணமும் ஏற முடியாத காரணமும்

பாலிஎதிலீன் நீரைவிடச் சற்றே இலேசானது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.95 கிராம். 36 கிலோ பிளாஸ்டிக் ஏறத்தாழ 38 லிட்டர் இடத்தை அடைக்கும். அதாவது உட்புறம் முழுதும் நீர் நிறைந்த நிலையில் இந்தக் கூட்டுக்கு மிஞ்சும் மிதப்பு 2 கிலோ அளவே. மின்கலத்தையும் இருக்கையின் உலோகச் சட்டத்தையும் சேர்த்தால் அதுவும் மிஞ்சாது. அன்று கயாக் அடியில் போகாததற்குக் காரணம் முன்முனையில் சிக்கியிருந்த காற்று மட்டுமே.

ஏற முடியாததற்குக் காரணம் வேறு. குறைகுடம் கூத்தாடும் என்பது இங்கே அப்படியே பொருந்தும்: உள்ளே பாதியளவு நீர் இருக்கும் கூடு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே நீர் முழுதும் ஓடி, சாய்வை மேலும் பெரிதாக்கும். இந்த விளைவு நீர்ப்பரப்பின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வது. 70 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தளும்பும் நீரை 40 சென்டிமீட்டருக்குள் அடக்கினால், கவிழ்க்கும் விளைவு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். எங்கே மிதப்பு வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்கிலேயே இருந்தது.

மிதப்பு பற்றிய முடிவுகள்

விரிசலையும் மூடியையும் சரிசெய்வது முதல் வேலை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பாலிஎதிலீனில் எந்தப் பசையும் எளிதில் பிடிக்காது என்பதால், அதே பிளாஸ்டிக்கால் ஆன கம்பியைக் கொண்டு விரிசல் உருக்கிப் பற்றவைக்கப்பட்டது; ரப்பர் வளையம் மாற்றப்பட்டது; அடிப்பகுதியைப் பட்டைகளில் தாங்கும் வேறு தள்ளுவண்டிக்கு உரிமையாளர் மாறினார். பழுது நீங்கிய பிறகும் மிதப்பு தேவையா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பற்றவைத்த இடம் மீண்டும் விடலாம், வடிகால் திருகை மறக்கலாம், மூடி மறுபடி கழலலாம். நீர் எந்த வழியில் வந்தாலும் அது அடையக்கூடிய அளவுக்கு ஒரு வரம்பு இருக்க வேண்டும் என்பதே எங்கள் பதில்.

மிதப்புப் பொருள் கயாக்கின் சுமைத் திறனைக் கூட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டாது. உட்புறம் உலர்ந்திருக்கும்போது அந்த இடத்தில் ஏற்கெனவே காற்றுதான் இருக்கிறது. அதைவிட எடை கூடிய நுரைப்பொருளை வைத்தால் கயாக் ஓரிரு கிலோ கனக்குமே தவிர, கூடுதலாக மிதக்காது. நீர் புகும்போது அதற்குக் கிடைக்கும் இடத்தைக் குறைப்பதுதான் மிதப்புப் பொருளின் ஒரே பணி. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகள் 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான மோட்டார் படகுகளில் மிதப்புப் பொருள் இருக்க வேண்டும் என்கின்றன. கயாக்குகளுக்கும் கனூ என்னும் துடுப்புப் படகுகளுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆலையிலிருந்து வெளிவரும் பல கயாக்குகளின் உட்புறம் வெறுமையாகவோ, தளத்தைத் தாங்கும் சில நுரைத் துண்டுகளுடனோ இருப்பதில் வியப்பில்லை.

எவ்வளவு தேவை என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் வைத்தோம். ஆள் இல்லாத கயாக் பொருள்களோடு மூழ்காமல் இருக்க 20 லிட்டர் போதும். ஆனால் முழுதும் நீர் புகுந்த கயாக்கின் மேல் 82 கிலோ எடையுள்ளவர் ஏறி அமர்ந்து நீரை வெளியேற்ற வேண்டுமானால், நன்னீரில் ஒரு லிட்டர் இடம் ஒரு கிலோவைத் தாங்கும் என்பதால், நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் 90 லிட்டருக்குக் குறையாமல் அமிழ்ந்திருக்க வேண்டும். பொருத்தும் மிதப்பில் ஒரு பகுதி எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். ஆகவே 160 லிட்டரை இலக்காக வைத்தோம்.

உரிமையாளர் முதலில் விரும்பியது, இரு திரவங்களைக் கலந்து ஊற்றினால் பொங்கி இறுகும் பாலியூரித்தேன் நுரை. இதை நான் கடுமையாக எதிர்த்தேன். மூடிய இடத்தில் பொங்கும் நுரை வெப்பத்தையும் அழுத்தத்தையும் உண்டாக்கிக் கூட்டைப் புடைக்கச் செய்யும்; காலப்போக்கில் நீரை உறிஞ்சும்; எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை ஊற்றிவிட்டால் அடுத்த விரிசலைப் பார்க்கவோ பற்றவைக்கவோ வழியே இருக்காது. தெர்மாகோல் எளிதில் கிடைக்கும், நன்றாக மிதக்கும். ஆனால் உரசலில் மணி மணியாக உதிர்ந்து பம்பை அடைக்கும், பெட்ரோல் பட்டால் கரைந்துபோகும். மூடிய வெற்று பிளாஸ்டிக் பாட்டில்கள் கொள்கையளவில் சரியே. அவற்றை அசையாமல் கட்டுவதுதான் பெரும்பாடு. ஒரு மூடி தளர்ந்தாலும் வெளியே தெரியாது.

இறுதியில் மூன்று பொருள்களைக் கலந்து பயன்படுத்துவது என்று முடிவானது. முன்முனைக்கு, கண்ணறைகள் ஒன்றோடொன்று சேராத பாலிஎதிலீன் நுரைப்பலகை. இருபக்க ஓரங்களுக்கு, நீச்சல் குளங்களில் பிடித்து மிதக்கும் நுரைக்குழல்கள். பின்முனைக்கு ஊதிக்கொள்ளும் காற்றுப்பை. பின்முனைக்கும் நுரைப்பலகையே வேண்டும் என்று துணைப் பயணி சொன்னார். அங்கே கை எட்டாது என்பதால் காற்றுப்பை தேர்வானது. அவர் சொன்னதே சரியானது என்று பிறகு தெரிந்தது.

பொருத்திய விதம்

நுரைக்குழல் பார்வைக்குப் பெரிதாகத் தோன்றினாலும் அடைக்கும் இடம் சிறிது. 6 சென்டிமீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் நீளமும் கொண்ட குழலின் கொள்ளளவு, நடுவே நீர் புகும் 2 சென்டிமீட்டர் துளையைக் கழித்தால், 3.8 லிட்டர் மட்டுமே. நான்கைந்து குழல்களைத் திணித்துவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து குழல்கள் 19 கிலோவைத்தான் தாங்கும். இங்கே பக்கத்துக்குப் பத்தாக இருபது குழல்கள் சென்றன: 76 லிட்டர். முன்முனைப் பலகைகள் 45 லிட்டர், காற்றுப்பை 40 லிட்டர், மொத்தம் 161. இவை எல்லாம் சேர்ந்தும் கூடிய எடை 4 கிலோவைத் தாண்டவில்லை.

குழல்கள் கூட்டின் பக்கச் சுவரை ஒட்டி, அடியிலிருந்து தளத்தின் கீழ்வரை அடுக்கப்பட்டன. நடு அடிப்பகுதியில் எதையும் வைக்கவில்லை. அடியில் நடுவே மிதப்பு இருந்தால், நீர் புகுந்த நிலையில் அது அடிப்பகுதியை மேலே தூக்கி, கயாக்கைப் புரட்டவே முயலும். ஓரங்களில் இருந்தால், சாயும் பக்கத்தில் எதிர்த்துத் தாங்கும். நடுவில் விட்ட வாய்க்கால் நீரை ஓரிடத்தில் சேர்ப்பதால் பம்பின் குழாய்க்கும் அது எட்டும். வடிகால் துளையும் அடைபடாது.

கூட்டில் புதிதாக ஒரு துளைகூட இடக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொண்டோம். முன்முனைப் பலகை மூடியின் வாய்க்குள் நுழையும் அளவுக்குத் துண்டுகளாக வெட்டப்பட்டு, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. கடைசித் துண்டு சற்றுப் பெரிதாக வெட்டப்பட்டதால் தளத்துக்கும் அடிக்கும் இடையே ஆப்புபோல் இறுகி நின்றது. குழல்கள் நைலான் நாடாவால் கட்டுகளாக்கப்பட்டன. அந்த நாடாக்களை வடிகுழாய்களைச் சுற்றிப் பிணைக்கலாமா என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. பற்றவைத்த குழாயின் மேல் எந்த இழுவிசையும் வரக் கூடாது என்பதால் அதைத் தவிர்த்து, மற்றவற்றில் மட்டும் தளர்வாகச் சுற்றினோம். மின்கலம் பின்மூடியின் அடியிலிருந்து நடுப்பகுதிக்கு வந்தது.

நீரில் செய்த சோதனை

காற்றில்லாத காலையில், மார்பளவு ஆழத்தில், அனைவரும் உயிர்காப்பு அங்கியோடு இருக்க, வடிகால் திருகைக் கழற்றி, மூடிகள் வழியாக வாளியால் நீரை ஊற்றிக் கயாக்கை வேண்டுமென்றே நிரப்பினோம். ஆழமான இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

முதல் சோதனை தோல்வி. கயாக் மிதந்தது, ஆனால் பின்முனை தாழ்ந்து சாய்வாக மிதந்தது. காற்றுப்பை நீர் ஏறியதும் தன் இடத்திலிருந்து வழுக்கி, மூடியின் அடிக்கு வந்து நின்றிருந்தது. மிதப்புப் பொருள் எப்போதும் உயரமான இடத்தையே தேடும். கட்டப்படாத மிதப்பு, தேவைப்படும் இடத்தில் அந்த நேரத்தில் இருக்காது. காலையின் குளிர்ந்த நீரில் பை சுருங்கியதும் அது வழுக்கியதற்கு ஒரு காரணம். பைக்கு முன்னால் ஒரு நுரைப்பலகைத் தடுப்பை இறுக்கி வைத்து மீண்டும் நிரப்பினோம்.

இம்முறை கயாக் கிட்டத்தட்ட மட்டமாக, தளத்தின் ஓரம் நீருக்குச் சற்று மேலே தெரியும்படி நின்றது. உரிமையாளர் பக்கவாட்டில் காலை உதைத்து உடலைக் குறுக்காகப் படுக்கவைத்து ஏறினார். முதல் முயற்சியில் மண்டியிட முயன்றபோது கவிழ்ந்தார். தாழ்ந்தபடியே புரண்டு இருக்கையில் அமர்ந்த முறையில் ஏற முடிந்தது. இருக்கை நீரில் நனைந்திருந்தாலும் கயாக் அவரைத் தாங்கியது. வடிகால் திருகை மூடிவிட்டு, நீர்மட்டத்துக்கு மேலே நின்ற, கால்களுக்கு இடையே உள்ள சிறுமூடி வழியாக அவரே பம்பு செய்தார். மிதப்பு இல்லாதபோது 280 லிட்டரை வெளியேற்ற வேண்டியிருந்த இடத்தில் இப்போது 120 லிட்டருக்கும் குறைவே. நிமிடத்துக்கு 25 லிட்டர் இறைக்கும் கைப் பம்புக்கு அது ஐந்து நிமிட வேலை. களைத்தவருக்கு இன்னும் கூடுதலாகும். துடுப்பிடவும் முடிந்தது, மிக மெதுவாக.

சோதனையில் இன்னொன்றும் கவனத்துக்கு வந்தது. முழுதும் நிரம்பிய நிலையைவிட, 50, 60 லிட்டர் நீர் இருந்த நிலையில்தான் கயாக் அதிகம் தள்ளாடியது. ஓரக் குழல்கள் தளும்பலைக் குறைத்தன, நீக்கவில்லை.

அதன் பின் நடந்தவை

பற்றவைத்த இடம் தாங்கியது. சில மாதங்களுக்குப் பின், வடிகால் திருகைச் சரியாக இறுக்காமல் உரிமையாளர் நீரில் இறங்கிய ஒரு நாள் வந்தது. திரும்பி வந்து கயாக்கைச் சாய்த்தபோது இரண்டு வாளிக்கு மேல் நீர் வெளியேறியது. பயணம் முழுவதும் கயாக் நிதானமாகவே இருந்தது. அவருக்கு எந்த ஐயமும் எழவில்லை.

மிதப்பு தன் வேலையைச் செய்தது என்று அவர் மகிழ்ந்தார். நான் அதை வேறாகப் பார்க்கிறேன். முன்பு நீர் புகுந்தபோது அவரை எச்சரித்தவை தளும்பும் ஓசையும் தள்ளாட்டமும். நுரைக்குழல்கள் அந்த இரண்டையும் மட்டுப்படுத்திவிட்டன. கயாக் நிலையாக இருப்பதாலேயே கசிவு கவனிக்கப்படாமல் வளரக்கூடிய ஒரு நிலையை நாங்களே உருவாக்கியிருந்தோம். பொருத்தும்போது எங்களில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை.

அதனால் ஒரு நடைமுறை சேர்க்கப்பட்டது: புறப்பட்ட கால் மணி நேரத்திலும் அதன் பின் மணிக்கு ஒருமுறையும், கால்களுக்கு இடையே உள்ள சிறுமூடியைத் திறந்து, நடு வாய்க்காலில் கையை விட்டுப் பார்ப்பது. பின்மூடியை நீரில் திறப்பதில்லை. கால் பள்ளத்தில் நீர் தேங்கினால், காரணம் தெரியும்வரை கரையை நோக்கித் திரும்புவது.

காற்றுப்பையும் வெயிலில் தொல்லை தந்தது. 25 டிகிரியில் முழுதாக ஊதப்பட்ட பைக்குள்ளிருக்கும் காற்று, வெயிலில் கூட்டின் உட்புறம் 60 டிகிரியை எட்டும்போது ஏறத்தாழ 12 சதவீதம் விரிய முயலும். பையின் ஓரத் தையல் ஒன்று பிளக்கத் தொடங்கியிருந்தது. கரையில் பையைத் தளர்த்தி, நீரில் இறக்கும் முன் மீண்டும் ஊத வேண்டும் என்பது மறக்கக்கூடிய வேலை.

மாற்றப்பட வேண்டியவை

இதே வேலையை மற்றொரு கயாக்கில் செய்தால் பின்முனைக்கும் நுரைப்பலகையே வைப்பேன். கை எட்டாத இடத்துக்கு, நீண்ட கழியால் தள்ளி நிறுத்தக்கூடிய சாய்வு வெட்டுத் துண்டுகள் போதும். குழல்களின் நடுத்துளையில் நீர் தங்கி உலர நெடுநேரம் ஆவதால், துளையில்லாத நுரைத்தண்டுகள் கிடைத்தால் அவையே மேல். பருவத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து உலர்த்தி, வடிகுழாய்களின் அடியைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். எடுக்க முடியாதபடி எதையும் பொருத்தாததன் பயன் அப்போது தெரியும்.

நீர் நிறைந்த கயாக்கில் ஏறும் பயிற்சியைப் பொருத்தும் வேலைக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். மிதப்பு இல்லாமல் அந்த நிலை எப்படி இருக்கும் என்பதை அமைதியான ஆழமற்ற நீரில் ஒருமுறை பார்த்திருந்தால், எத்தனை லிட்டர், எந்த இடத்தில் என்ற விவாதங்களில் பாதி தேவைப்பட்டிருக்காது. துணைப் பயணி தன் கயாக்கில் இப்போது அதைத்தான் முதலில் செய்திருக்கிறார். அவருடைய கயாக்கில் முன்பக்கமாகக் குறுக்குத் தடுப்பு இருப்பதால், அவருக்குத் தேவைப்படும் மிதப்பு 100 லிட்டருக்குள் முடிந்துவிடும் என்று தெரிகிறது.